மெத்தை வேண்டாம் என்ற சம்பந்தியம்மா

நான் வேலை பார்த்த சத்திரத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன ஆவணியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் அறையைப் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்பாஞ்சு மெத்தை, மேலே வழவழவென்று ரெக்சின் உறை. வேலை செய்யும் பெண் ஒரு டப்பாவை எடுத்து மல்லிகைப்பூ சென்ட்டைப் 'புஸ்'ஸென்று அடித்தாள். கதவைச் சாத்தினாள். மெத்தை வேலை முடிந்தது!

"அவ்ளோதானாம்மா?" என்றேன்.

"வேற இன்னா ஆயா பண்றது? அந்தக் காலத்துல நீங்கல்லாம் இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று சிரித்தாள்.

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு மெத்தைக் கதை சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் வரவில்லை, எழுந்து போய்விட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். காமாட்சி அம்மா துணை.

எனக்குப் பிறந்த ஊர் ஓரிக்கை. பாலாற்றங்கரையில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்ட குடும்பம். கட்டிக்கொடுத்தது காஞ்சிபுரம் டவுனில். என் வீட்டுக்காரர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு நாள் சிவப்புக் கை, ஒரு நாள் பச்சைக் கை. நான் சத்திரத்தில் படுக்கை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது கடைசிப் பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான்.

எங்கள் ஊரில் சத்திரத்துக்கு வேலை அதிகம். நெசவுக்காரர் வீட்டில் கூடம் முழுக்கத் தறிதான். கல்யாணம் என்றால் தறியைத் தூக்கி எங்கே வைப்பது? ஆகவே கல்யாணமெல்லாம் சத்திரத்தில். அது போக, பெருமாள் உற்சவம், அம்மன் தேர் என்று வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள். அத்தனை பேரும் உருண்டு புரண்ட மெத்தைகளை மறுபடி மெத்தையாக்குவது என் வேலை.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே மனக்குறை. படுக்கையைத் தொட்டால் குளிக்காமல் விளக்கேற்றக் கூடாது என்று வளர்ந்தவள். பிறத்தியார் படுக்கையையே தொட்டுக்கொண்டிருக்கிற வேலையில் சாமியை எப்படிக் கும்பிடுவது? காலையில் வீட்டில் குளியல், மத்தியானம் மெத்தைகளைப் போட்டுப் புரட்டிவிட்டு ஒரு குளியல், சாயங்காலம் கோயிலுக்குப் போகும் முன் இன்னொரு குளியல். "ஊர்ல மழை இல்லன்னு யாகம் பண்றாங்களாம். நம்ம வூட்டுக் கெணத்த வந்து பாத்தா காரணம் தெரிஞ்சிபூடும்" என்பார் என் வீட்டுக்காரர். நான் அவருடைய பச்சைக் கையைப் பார்ப்பேன். அடங்கிவிடுவார்.

சத்திரத்தை நிர்வாகம் செய்தவரை எல்லோரும் ஏஜெண்டு அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். மெத்தையை அவர் கையால் தொட்டுப் பார்க்க மாட்டார், மூக்கால்தான் பார்ப்பார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, தலைமாட்டில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கால்மாட்டில் ஒரு தடவை முகர்வார். நிமிர்ந்து மெதுவாகச் சொல்வார்.

"தலைமாட்டுல நல்லெண்ணெய். சீயக்காயே போடாத தலை. நடுவுல குத்தம் இல்ல. கால்மாட்டுல யாரோ சந்தனத்தோட கால நீட்டியிருக்காங்க. மாப்பிள்ளையா இருக்கும்."

மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். அவர் மூக்கு தப்பாது. சாப்பாட்டில் உப்பு குறைவா என்று மட்டும் அந்த மூக்குக்கும் நாக்குக்கும் தெரியவே தெரியாது என்று அவர் சம்சாரம் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எங்கள் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி கிடையாது. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தச் சத்திரமும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. பூச்சியின் பேரைக்கூட அவர் வாசற்படிக்குள் சொல்ல விடமாட்டார். வந்தவர்கள் யாராவது, "மூட்டைப்பூச்சி இருக்குதா?" என்று கேட்டுவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "அந்தப் பேரெல்லாம் இங்க வேணாங்க" என்பார், யாரோ அசுபமாகப் பேசிவிட்ட மாதிரி.

பெருமை அவருடையது, பாடு என்னுடையது. கட்டில் சட்டங்கள் கூடுகிற இடுக்கில் கோழி இறகால் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். பிறகு கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும். மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூச்சி குடியிருப்பது அங்கேதான். ஆற்றங்கரையிலிருந்து நொச்சித் தழை கொண்டுவந்து நிழலில் காயவைத்து மெத்தைக்கு அடியில் பரப்ப வேண்டும்.

மெத்தையெல்லாம் இலவம் பஞ்சு. அதற்கு வெயில்தான் சாமி. மொட்டை மாடியில் பழைய பாயை விரித்து அதன் மேல் மெத்தையைப் போடுவேன். ஒரு பக்கம் சூடேறியதும் புரட்டிப் போடுவேன். பிரம்பால் விளாசக் கூடாது. இலவம் பஞ்சு அடி தாங்காது, மாவாகப் போய்விடும். உள்ளங்கையை விரித்து, குழந்தையைத் தட்டுகிற மாதிரி தட்டினால் கட்டியெல்லாம் தானே உடையும். வெயில் சாயும் முன் எடுத்துவிட வேண்டும். எடுத்த சூட்டோடு சுருட்டக் கூடாது. நிழலில் ஆறவிட்டுத்தான் சுருட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சூடெல்லாம் படுக்கிறவர் முதுகில் இறங்கும்.

இதெல்லாம் தெரியாமல் முதல் மாதத்திலேயே ஊர் வம்பை வாங்கிக்கொண்டேன். ஒரு காலையில் கிழிந்த தலையணை ஒன்றை மாடியில் உதறினேன். கீழே தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக் கஞ்சியில் என் பஞ்சு பூப்பூவாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே நின்றவர்கள் என்னையும் என் வம்சத்தையும் என்னென்ன சொன்னார்கள் என்று எழுத முடியாது. சாமி படம் வைத்திருக்கிற வீடு. ஏஜெண்டு அய்யா இறங்கிப் போய்க் கைகூப்பினார். அன்று முழுக்க நானும் அவரும் தெருவில் நின்று இழை இழையாகப் பஞ்சு பொறுக்கினோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தெருவுல பாவு இருந்தா மாடியில மெத்தை அசையக் கூடாதும்மா" என்றார். அவ்வளவுதான். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. நான் சொல்ல வந்த சங்கதி எழுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு வைகாசி மாதம் நடந்தது. சம்பந்தப்பட்ட அம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர் பேரும் ஊரும் எழுத மாட்டேன். ஆனால் பெண்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெண் வீட்டுக்காரர் ஏகாம்பரம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தறி வைத்திருந்தார். ஒரே மகள். அவளுக்குக் கூறைப்புடவையை அவரே நெய்தார். பெண்ணுக்கு அம்மா இல்லை; ஏகாம்பரத்தின் அக்கா பச்சையம்மாதான் எல்லாம். பச்சையம்மாவுக்குப் பத்துப் பேர் வேலையை ஒரே ஆளாகச் செய்கிற உடம்பு. பேச்சும் அதே கணக்குத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமாக இருந்தார். குரல் கணீரென்று இருந்தது. பச்சையம்மா காப்பித் தட்டோடு ஓடினாள்.

"காப்பி வேணாம்."

"பால் எடுத்தாரட்டுமா சம்பந்தி?"

"வேணாம்."

"வெயில்ல வந்துக்கினு இருக்கீங்க. தண்ணியாவது…"

"தாகம் இல்ல. உட்டுடு."

பச்சையம்மா திரும்பி வந்து என் காதில், "பாத்தியா கன்னியம்மா? வாசப்படி மிதிக்கறதுக்குள்ளயே முறுக்கு! நம்ம வூட்டுல கை நனைக்க மாட்டாங்களாம்" என்றாள்.

சம்பந்தியம்மாவுக்கு மூலை அறை. உள்ளதிலேயே நல்ல மெத்தையை அதில் போட்டிருந்தேன். புதுப் பஞ்சு அடைத்தது. ஏஜெண்டு அய்யாவின் மூக்கே மூன்று இடத்திலும் குற்றம் சொல்லாதது. அம்மாள் உள்ளே வந்து பார்த்தார். ஒரு விரலால் மெத்தையை அழுத்தினார்.

"இத எடுத்துடு. ஒரு பாய் குடு போதும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா? மெத்த நல்லா இல்லீங்களா? இன்னிக்கு வெயில்ல போட்டு எடுத்ததும்மா."

"நல்லாத்தான் இருக்குது. அதனாலதான் வேணாங்கறேன்."

இது என்ன பதில் என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்குக் குணம் கொஞ்சம் கோணல் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் பாய் எடுக்கப் போன நேரத்தில் சேதி ஏகாம்பரத்துக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி தரையில் பாய் போட்டுப் படுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார் மரியாதை செய்யவில்லை, மனம் கோணிப்போய்ப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். பேரப்பிள்ளை பிறந்து அதற்குக் கல்யாணம் ஆகிறவரை ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். மனிதர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சம்பந்தியம்மா, நீங்க தரையில படுத்தா நான் நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு பொண்ணத் தாரை வாக்கறது? இன்னா கொற சொல்லுங்க."

"கொற ஒண்ணும் இல்லப்பா. எனக்குப் பாய்தான் பழக்கம்."

அம்மாளின் வீட்டுக்காரர் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். சாதுவான மனிதர். "ஆமாங்க, வூட்லயும் இவ…" என்று ஆரம்பித்தார். அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். அவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

பச்சையம்மா விடுவாளா? "வூட்டுல எப்படியோ படுத்துக்கோங்க. எங்க ஊருக்கு வந்தா எங்க ராணி நீங்க! மெத்ததான்!" என்று அம்மாளின் கையைப் பிடித்து மெத்தையில் உட்காரவே வைத்துவிட்டாள். சுற்றிலும் அத்தனை பேர். அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கசாயம் குடிக்கப் போகிறவர் மாதிரி, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

அதற்கப்புறம் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். நடந்ததைப் பச்சையம்மா மறுநாள் பெருமையோடு சொன்னாள். சம்பந்தியம்மா தனியாகப் படுத்தால் மரியாதை இல்லை என்று, தன் பாயை அதே அறையில் போட்டுக்கொண்டாளாம். தூக்கம் வரும்வரை விசிறினாளாம். கூடவே, "இத்தக் குடிச்சாத்தான் உடுவேன்" என்று பெரிய டம்ளர் நிறைய பாதாம் பாலை நின்று குடிக்க வைத்தாளாம்.

முகூர்த்தம் காலையிலேயே. விளக்கேற்றும் முன் படுக்கைகளைச் சுருட்டிவிட வேண்டும் என்பது எங்கள் சத்திரத்து வழக்கம். ஒவ்வொரு அறையாகச் சுருட்டிக்கொண்டு மூலை அறைக்குப் போனேன். பச்சையம்மா குளிக்கப் போயிருந்தாள். சம்பந்தியம்மா மெத்தையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். வைகாசிப் புழுக்கத்தில் கழுத்துவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, படுக்கைய எடுக்கணும்."

"அப்பறம் வா."

"குளிக்கத் தண்ணி எடுத்து வச்சிருக்குதும்மா."

"அப்பறம் வான்னேனில்ல. போ!"

போனேன். கொஞ்ச நேரத்தில் பச்சையம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். கூப்பிட்டாள். அம்மாள் எழவில்லை. ஏகாம்பரம் வந்தார். எழவில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அறை வாசலில் ஒரு கும்பல் சேர்ந்துவிட்டது.

"இன்னா கொற சம்பந்தி? வாயத் தொறந்து சொல்லுங்க. புடவ புடிக்கலியா? சீர்ல இன்னா கொற?"

ஏகாம்பரம் கெஞ்சினார். அம்மாள் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நேத்தே தெரியும் எனக்கு! காப்பி வேணாம்னப்பவே தெரியும்!" என்றாள் பச்சையம்மா.

அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "எங்க அண்ணிய இன்னா சொன்னீங்க? காரணம் இல்லாம அவங்க இப்படி ஒக்கார மாட்டாங்க. சொல்லுங்க அண்ணி, இப்பவே வண்டிய வரச்சொல்றேன். பொண்ணு ஊர்ல வேற இல்லியா?"

ஏகாம்பரத்துக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அந்த மனிதர் வாசற்படியிலேயே அப்படியே விழுந்து கும்பிட்டார். "தாயே, என் பொண்ணு மணையில ஒக்கார காத்துக்கினு இருக்குது…"

அப்போது சம்பந்தியம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கோபக்காரி எதற்கு அழுவாள்? கும்பலை விலக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். அவர் இரண்டு கையாலும் கம்பளியின் ஓரத்தை மெத்தைக்குள் செருகி அழுத்திப் பிடித்திருந்தார். மல்லிகைப்பூ, சந்தனம், தலைக்குப் போட்ட சாம்பிராணி எல்லாம் சேர்ந்து மணந்துகொண்டிருந்த அந்த அறையில், நனைந்த மெத்தைத் துணியின் வாசனை ஒன்றும் அடியில் இருந்தது. வருடக்கணக்காக அதோடு புழங்கியவளுக்குத்தான் அது தெரியும்.

நாலு பிள்ளை பெற்றவள் நான். பிள்ளை பெற்ற உடம்பு சில பேருக்கு என்ன செய்யும் என்று பெண்களுக்குத் தெரியும். இருமினால் பயம், சிரித்தால் பயம், வெளியூர் போனால் தண்ணீர் குடிக்கப் பயம். தாயிடம்கூடச் சொல்ல மாட்டோம். அந்த அம்மாள் காப்பி வேண்டாம் என்றார், மெத்தை வேண்டாம் என்றார். தனக்கென்று இருந்த இரண்டு பாதுகாப்பையும் மரியாதை மரியாதை என்று சொல்லி நாங்கள்தான் பிடுங்கிக்கொண்டோம். இப்போது எழுந்தால் மருமகள் வருகிற நாளில் மாமியாருக்கு அவமானம். எழாவிட்டால் கல்யாணமே நிற்கும்.

நான் நேரே ஏஜெண்டு அய்யாவிடம் போனேன். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"அய்யா, மூலை ரூம் மெத்தை காயணும்."

"யாரு, கொழந்தையா?"

"கொழந்தை இல்லீங்க அய்யா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மூலை அறை வாசலில் நிற்கிற கும்பலைப் பார்த்தார். "மாடிக்குக் கொண்டுபோனா எல்லாருக்கும் தெரியும், இல்ல?" என்றார்.

"அந்த ஒரு மெத்தை மட்டும் போனா தெரியும்."

சந்தனக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். சாமி பேராக இருக்க வேண்டும். பிறகு நடுக்கூடத்துக்குப் போய், நான் அதுவரை அவரிடம் கேட்டறியாத குரலில் கத்தினார்:

"மூட்டைப்பூச்சி! சத்திரத்துல மூட்டைப்பூச்சி!"

கூடமே நின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"மூலை ரூம்ல பொட்டு பொட்டா கெடக்குது! எல்லாரும் ரூமவுட்டு வெளிய வாங்க! கன்னியம்மா, எல்லா மெத்தையையும் மாடிக்கு ஏத்து. ஒண்ணு உடாத! மூலை ரூமுக்குக் கொதிக்கற தண்ணி கொண்டா!"

வாசலில் நின்ற கும்பல் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! சட்டைக் கையை மடித்திருந்த சித்தப்பா எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன்.

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். முகத்தில் பயம்.

"ராத்திரி பூச்சி கடிச்சி தூக்கமே இல்ல. அதான் ஒடம்பு சரியில்லாம ஒக்காந்துட்டீங்க. இல்லீங்களாம்மா?" என்றேன்.

அவர் கம்பளியை விடவில்லை.

"கடிச்சுதுன்னு சொல்லுங்கம்மா."

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. இன்னொரு கையைச் சொறிந்தது. "கடிச்சுது" என்றார், குழந்தை மாதிரி.

அறையை ஒட்டியே குளியலறை. ஒரு வாளி அவருக்கு. இன்னொரு வாளியைக் கட்டில் கால், தரை, கம்பளி எல்லாவற்றின் மேலும் கொட்டினேன். பூச்சிக்குத் தண்ணீர் ஊற்றிய அறையில் எது எதனால் ஈரம் என்று யார் கண்டார்கள்? நனைந்த மெத்தையை உள்ளே வைத்து அதன் மேல் பச்சையம்மாவின் பாயைச் சுற்றிச் சுருட்டினேன். கதவைத் திறந்தபோது சம்பந்தியம்மா பட்டுப்புடவை கட்டி, நெற்றியில் பெரிய குங்குமத்தோடு நின்றார். வெளியே வந்ததும் முதல் காரியமாக, "இன்னா சத்திரம் புடிச்சீங்க ஏகாம்பரம்! உடம்பெல்லாம் தடிச்சிப் போச்சி!" என்றார் கணீரென்று. ஏகாம்பரம் அழுதுகொண்டே சிரித்தார். மூட்டைப்பூச்சி என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பச்சையம்மா மட்டும் லேசில் விடவில்லை. "நானும் அந்த ரூம்லதான படுத்தேன், என்ன ஒண்ணும் கடிக்கலியே" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் தன் கழுத்தைத் தொட்டாள், பின்பு சொறிந்தாள். "அடியம்மா, என்னையும் கடிச்சிருக்குதுடி!" என்று கத்தினாள். அப்புறம் ஊரே சொறிந்தது. ஹோமத்தில் நெய் விட்டுக்கொண்டே அய்யர் முழங்கையைச் சொறிந்தார். தாலி கட்டும்போது மாப்பிள்ளை தோளைக் குலுக்கினார். நான்கூட மாடிப்படியில் நின்று ஒரு தடவை சொறிந்தேன். பூச்சி இல்லை என்று தெரிந்த மூன்றே பேரில் நான் ஒருத்தி!

மாடியில் மெத்தைகளையெல்லாம் பரப்பினேன். நல்லவேளை, அன்று தெருவில் பாவு இல்லை. நனைந்த மெத்தையை மற்றவற்றின் நடுவில் போட்டேன். இலவம் பஞ்சு ஈரத்தைச் சுலபத்தில் குடிக்காது. மேல் துணிதான் குடிக்கும். அதனால் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. முதலில் பழந்துணியை வைத்து அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்தேன். சலித்த சாம்பலைத் தூவி, அது ஈரத்தை இழுத்துக் கட்டியானதும் துடைத்துவிட்டேன். எலுமிச்சம்பழத்தைத் துணியில் பிழிந்து ஒற்றினேன். ஓரத் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஈரம் பட்ட பஞ்சை மட்டும் வெளியே எடுத்து வெள்ளைத் துணி போட்டு மூடிக் காயவைத்தேன். வைகாசி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

பந்தி முடிவதற்குள் சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் கொஞ்ச காலம் எங்கள் சத்திரத்துக்கு மூட்டைப்பூச்சிச் சத்திரம் என்றே பேர். ஏஜெண்டு அய்யா கோயிலுக்குப் போனால், "இன்னாங்க, உங்க வூட்டு விருந்தாளிங்கல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். சத்திரத்துத் தர்மகர்த்தா கூப்பிட்டுக் கண்டித்தபோதும், "கவனிக்காம உட்டது என் தப்புதாங்க" என்றுதான் சொன்னாராம். ஒரே ஒரு பெருமை வைத்திருந்த மனிதர். அதைச் சாமிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி உடைத்துப் போட்டுவிட்டார். அந்தக் காரியத்தைப் பற்றி அவர் என்னிடம் அதற்குப் பிறகு பேசியதும் இல்லை, கேட்டதும் இல்லை.

கல்யாணத்தன்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள். வண்டி வாசலில் நின்றது. புதுப்பெண் அப்பா தோளில் சாய்ந்து அழுது முடித்திருந்தாள். சம்பந்தியம்மா வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, "எங்க அந்த மெத்தக்காரி? கூப்புடு அவள!" என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். எல்லோரும் பார்க்க என் கையை வெடுக்கென்று பிடித்தார்.

"இன்னாடி வேல பாக்கற நீ? பெரிய மனுசங்க வந்து தங்கற எடத்துல பூச்சியா வளக்கற? வெயில்ல போட்டேன்னு நேத்து என்னாண்ட வாய் கிழிய சொன்னியே, இதான் நீ வெயில்ல போட்ட லட்சணமா? எங்க ஊரா இருந்தா உன்ன நிக்க வச்சிக் கேப்பாங்க! உனக்கெல்லாம் எவன் வேல குடுத்தான்?"

சித்தப்பா, "உடுங்க அண்ணி" என்றார். விடவில்லை. திட்டிக்கொண்டே போனார். கூட்டத்துக்கு அவர் வாய்தான் தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி எனக்கு மட்டும்தான் தெரியும். ஆற்று வெள்ளத்தில் போகிறவள் வேரைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோன பிறகும் விடவில்லை. திட்டியதையே மறுபடி முதலிலிருந்து திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்துக்கறேம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வண்டிக்காரர் நேரமாகிறது என்று சொன்ன பிறகுதான் என் கையை விட்டார்.

வண்டி தெருமுனை திரும்பியது. என் கண்ணாடி வளையல் அழுந்தி மணிக்கட்டு சிவந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். ஏஜெண்டு அய்யா கூடத்தில் சிந்திக் கிடந்த அட்சதையைப் பெருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டாங்களே, இன்னாம்மா சொன்னாங்க?"

"திட்டனாங்க அய்யா."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

"அழுதுக்கினு போகலியே?"

"இல்லீங்க. நிமுந்துதான் போனாங்க."

"அப்போ சரி" என்றார் அவர்.